ஆறடி எட்டங்குல ரகசியம்

"வெளியே நாற்காலியில உட்கார்ந்திருக்கானே, அவன்தான் துரோகி" என்றார் கூடைப்பந்து கிளப்பின் சேர்மன். "நீங்க அதை நிரூபிச்சா மட்டும் போதும்."

"துப்பறியற வேலையை நீங்களே முடிச்சுட்டீங்க. நாங்க வந்தது காபி குடிக்கவா?" என்றான் கொசு.

கொசு, துப்பறிவாளர் அண்ணியின் உதவியாளன். உறவில் அவளுடைய கொழுந்தன். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலம் தாண்டாதவனைக் குடும்பமே கூடிப் பேசி அவள் தலையில் கட்டியிருந்தது. அவன் வாய்க்கு வாய் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் கட்சிக்காரர்கள், போலீஸ் அதிகாரிகள், பிடிபட்ட திருடர்கள் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். ஓய்வு பெறப்போகும் கமிஷனர்கூட அப்படித்தான் அழைத்தார். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். பிறகு விசிட்டிங் கார்டிலேயே போட்டுவிட்டாள்.

சேர்மனின் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள் மின்னின. கிட்டே போய்ப் படித்துப் பார்த்த கொசு திரும்பி வந்து அண்ணியின் காதைக் கடித்தான். "எல்லாமே கலந்துக்கிட்டதுக்குக் கொடுத்தது."

"விஷயத்தை முதல்லேர்ந்து சொல்லுங்க சார்" என்றாள் அண்ணி.

சேர்மன் நாற்காலியில் நிமிர்ந்தார். "நாளைக்குக் காலையில இளம் வீரர்கள் தேர்வு. ஆறு கிளப்பும் குலுக்கல்ல விழுந்த வரிசைப்படி ஆளுக்கு ஒரு பையனை எடுக்கணும். எங்க முறை அஞ்சாவது. யாரை எடுக்கப்போறோம்கிறது பரம ரகசியம். ஆனா நாங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அது அன்னிக்குக் காலைப் பத்திரிகையில வந்துடுது. 'கணிப்புப் புலி'ன்னு ஒருத்தன் எழுதறான். முதல்ல 'பனை'ன்னு எழுதினான். நாங்க பனையை எடுத்தோம். அடுத்த வருஷம் 'மதில்'னு எழுதினான், மதிலை எடுத்தோம். போன வருஷம் 'கொக்கு'. மூணு வருஷம், மூணு பேர், ஒண்ணுகூடத் தப்பலை. கிளப்பை நடத்துறது நானா, புலியான்னு ஊரே சிரிக்குது."

"மூணு பேரும் எப்படி ஆடறாங்க?"

"உயரமா இருக்காங்க" என்றார் சேர்மன் பெருமையாக.

அண்ணி கொசுவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவருமே சிரித்திருப்பார்கள். "சரி. உங்களுக்கு முன்னாடி எடுக்கிற கிளப்காரங்களும் பேப்பர் படிப்பாங்க. இந்தப் பையனைத்தான் நீங்க எடுக்கப்போறீங்கன்னு அவங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. மூணு வருஷத்துல ஒருத்தர்கூடக் குறுக்கே பூந்து தட்டிட்டுப் போகலையா?"

"அவங்களுக்கு அந்த ரசனை பத்தாது."

"நீங்க அந்தப் பத்திரிகையைப் படிப்பீங்களா?"

"கையால தொடமாட்டேன். கிளப் வாசலுக்குள்ளேயே வரக்கூடாதுன்னு தடை போட்டிருக்கேன்." சேர்மன் மேஜையில் ஒரு சாவியை வைத்தார். "தேர்வு அறைக்கு ரெண்டே சாவி. ஒண்ணு எங்கிட்ட, இன்னொண்ணு தலைமைத் தேர்வாளர்கிட்ட. அவனோடதை நேத்தே பிடுங்கிட்டேன். ரெண்டு பேர்ல என்னை நீக்கிட்டா மிச்சம் யாரு?"

"உங்களை எதுக்கு நீக்கணும்?" என்றான் கொசு.

"நான் சேர்மன்!"

"அசைக்க முடியாத சாட்சியம், அண்ணி. எழுதிக்குங்க."

சேர்மன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "நாளைக்கு நிருபர்கள் எல்லாரும் வாசல்ல இருப்பாங்க. ஒரு முக்கிய அறிவிப்பு இருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவங்க முன்னாடி அவனை விலைபோனவன்னு சொல்லி வெளியே அனுப்பப்போறேன். உங்க ஆதாரம் இருந்தா நல்லது. இல்லாட்டியும் அனுப்புவேன்."

தலைமைத் தேர்வாளர் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒட்டிய கன்னம், வெயில் காய்ச்சிய நெற்றி, உலகத்தில் யாருக்குமே பந்தைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்கிற எரிச்சல் முகத்தில் நிரந்தரமாகத் தங்கியிருந்தது.

"நீங்கதான் தலைமைத் தேர்வாளரா?"

"நேத்து வரைக்கும். இப்ப என்னன்னு உள்ளே கேட்டுக்குங்க."

"புலியைத் தெரியுமா?"

"வாரா வாரம் படிக்கிறேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு." எழுந்து நின்றார். "இதோ பாருங்கம்மா. வேலை போனா போகட்டும். இவர்கிட்ட வேலை பார்க்கிறதுக்கு அதுவே நிம்மதி. ஆனா விலைபோனவன்னு சொல்லி அனுப்பினா எந்த மைதானத்துலயும் என்னை வாசல் தாண்ட விடமாட்டாங்க. பையன்கள் ஆடறதைப் பார்க்கிறதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது. அதையும் பிடுங்கிட்டா வீட்ல உட்கார்ந்து எதைப் பார்க்கிறது? என் பொண்டாட்டி பார்க்கிற டி.வி. தொடரையா?"

"தொடர்லயும் ஆள் பொறுக்கலாம் சார். எந்த மருமக கடைசி வரைக்கும் தாங்குவான்னு" என்றான் கொசு.

தேர்வாளர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இவன் யாரு?"

"என் கொழுந்தன். பழகிடும், வாங்க" என்று அண்ணி சேர்மனின் சாவியால் தேர்வு அறையைத் திறந்தாள்.

சன்னல் இல்லாத அறை. ஒரு சுவர் முழுக்க இரும்புப் பலகை. அதில் காந்தத்தால் ஒட்டிய அட்டைகள், அட்டைக்கு ஒரு பையன். புகைப்படம், பட்டப்பெயர், உயரம், கீழே தேர்வாளரின் குருவி எழுத்தில் குறிப்பு. 'இடது கையை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறான்' என்றது ஒன்று. 'கைதட்டல் கேட்டால்தான் ஓடுகிறான்' என்றது இன்னொன்று.

அண்ணி பலகையின் உச்சியில் இருந்த அட்டையின் முன் நின்றாள். பட்டப்பெயர் 'ஏணி'. நீல மையில் எழுதியிருந்த ஆறடி ஐந்தங்குலத்தை யாரோ அடித்துவிட்டு, தடித்த சிவப்பில் ஆறடி எட்டங்குலம் என்று எழுதியிருந்தார்கள்.

"ஒரேயடியா மூணு அங்குலம். இவனுக்கு என்ன உரம் போடறாங்க?" என்றான் கொசு.

"நீலம் என் எழுத்து" என்றார் தேர்வாளர். "நான் எப்பவும் செருப்பைக் கழட்டச் சொல்லி, குதிகாலைச் சுவரோட ஒட்டவெச்சு, தலையில மரக்கட்டையை அழுத்தித்தான் அளப்பேன். இந்தத் தொழில்ல பையனும் பொய் சொல்வான், அவன் கோச்சும் பொய் சொல்வான். சுவர் சொல்லாது."

"சிவப்பு?"

"சிவப்புப் பேனா இந்தக் கட்டடத்துல ஒருத்தர் சட்டைப் பையிலதான் இருக்கு."

"சேர்மன் ஏணியை எப்ப அளந்தார்?"

"அவர் ஏணியைப் பார்த்ததே இல்லையே! திங்கட்கிழமை காலையில வந்தார். 'இந்தப் பையன் இவ்வளவு குட்டையா இருக்க முடியாது'ன்னார். திருத்தினார். பலகை உச்சிக்கு ஏத்தினார். ஏன் சார்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அன்னிக்குத்தான் நான் துரோகின்னு கண்டுபிடிச்சார்."

அண்ணி அந்தச் சிவப்பு எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பார்த்தால் எங்கோ ஒருவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். "கொசு, வண்டியை எடு. இந்த மூணு அங்குலம் எங்கே முளைச்சதுன்னு பார்த்துட்டு வருவோம்."

"புலிக் குகைக்கா?"

"அங்கேதான்."

புலியின் குகை, லிஃப்ட் வேலை செய்யாத ஒரு குடியிருப்பின் மேல்மாடியில் இருந்தது. கொசு வழியெல்லாம் தன் முழங்காலுக்கு இரங்கல் உரை நிகழ்த்திக்கொண்டே ஏறினான். கதவைத் திறந்தது புலியின் மனைவி.

"புலி இருக்காரா?" என்றாள் அண்ணி.

"இருக்கு. உள்ளே வெங்காயம் உரிக்குது."

கணிப்புப் புலி பனியனோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மடிக்கணினி திறந்திருந்தது. வட்ட முகம், வழுக்கை, பயந்த கண்கள். பத்திரிகையில் வரும் புகைப்படம் குறைந்தது ஒரு தலைமுறை பழையது.

"வசதியாப் போச்சு அண்ணி. அழுகையை ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டாரு. இனி ஒப்புக்க வேண்டியதுதான் பாக்கி" என்றான் கொசு.

அண்ணி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு வந்த காரியத்தைச் சொன்னதும் புலி எழுந்தே நின்றுவிட்டது. "சத்தியமா யாரும் எனக்கு ஒண்ணும் சொல்றதில்லை அண்ணி! அந்தத் தேர்வாளர் என்னைப் பார்த்தாலே எதிர்ப் பக்கம் போயிடுவார். ஒரு தடவை காறித் துப்பக்கூடச் செஞ்சார்!"

"உட்காருங்க. ஒரு சின்ன சந்தேகம். ஏணிக்கு உயரம் எவ்வளவு?"

"ஆறடி எட்டு." தன் துறைக்குள் வந்ததும் புலிக்குத் தெம்பு வந்தது. "போன ஞாயித்துக்கிழமை என் பத்தியில எழுதியிருந்தேனே. பிரத்யேகத் தகவல்! வேற எந்தப் பத்திரிகையிலயும் வரலை."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"பையனோட அம்மா. போன்லதான். நான் லைன்ல இருக்கும்போதே அளந்தாங்க."

"செருப்போடயா?"

"ஷூ போட்டிருந்தானாம். முடியையும் சேர்த்துத்தான் அளந்திருப்பாங்க. அப்ப அவன் தலைமுடி தேன்கூடு மாதிரி நிமிர்ந்து நிக்கும். பெத்தவ அளந்தா அப்படித்தானே அண்ணி, பாசத்தையும் சேர்த்து அளப்பா. மறுநாளே ஒட்ட வெட்டிட்டானாம், பாவம்."

கொசுவுக்கே புரிந்துவிட்டது. சுவரில் சாய்த்து அளந்தால் வராத உயரம். உலகத்தில் ஒரே ஒரு பத்தியில் மட்டும் வந்த உயரம். அது பூட்டிய அறைக்குள் சிவப்பு மையில் உட்கார்ந்திருக்கிறது.

"சரி" என்றாள் அண்ணி. "மூணு வருஷமா ஆளை எப்படிச் சரியாச் சொல்றீங்க?"

புலி மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டது.

"சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி சமையலறை வாசலிலிருந்து. "எத்தனை நாளைக்குத்தான் உறுமறது?"

"என் பத்திக்குக் கொடுத்திருக்கிற இடம் ஒல்லியா இருக்கும் அண்ணி" என்று ஆரம்பித்தது புலி. "பெரிய எழுத்துல தலைப்பு போட்டா மூணு எழுத்துக்கு மேல அடங்காது. பனை. மதில். கொக்கு. இப்ப ஏணி. பட்டப்பெயர் நீளமா இருந்தா பக்கம் கட்டறவர் கத்தறார். 'ஆள் யாரா இருந்தா என்ன, அடங்கறவனாப் போடு'ங்கறார். அடங்கறவனைப் போட்டேன்."

கொசு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி, ஒரு கிளப்போட தலையெழுத்தே தலைப்பெழுத்துலதான் இருந்திருக்கு!"

"ஆனா எப்படிப் பலிக்குதுன்னு எனக்கும் புரியலை!" என்று புலி கெஞ்சியது. "முதல் வருஷம் குருட்டு அதிர்ஷ்டம்னு நெனச்சேன். ரெண்டாவது வருஷம் அனுபவம்னு நெனச்சேன். மூணாவது வருஷம்…"

"புலின்னே நெனச்சுட்டீங்க" என்றான் கொசு.

"நாளைக்கு யாரைப் போடப்போறீங்க?" என்றாள் அண்ணி.

"ஏணி. இப்ப அனுப்பியாகணும்."

"வேண்டாம். மாத்துங்க. கொசு, ஒரு பேர் சொல்லு. மூணு எழுத்துக்குள்ள."

"தூண்" என்றான் கொசு, சற்றும் யோசிக்காமல்.

"தூண்னு போடுங்க. ஆறடி ஒன்பது. மின்னல் வேகம், மலை மாதிரி உறுதி. ஊர் உலகம் இன்னும் பார்க்காத முத்து."

புலியின் கண்கள் விரிந்தன. "தூணா? நான் கேள்விப்பட்டதே இல்லையே! அவங்க எடுக்கலைன்னா என் பேர் என்ன ஆகும்? பத்திரிகை தர்மம்னு ஒண்ணு இருக்கு அண்ணி…"

"தலைப்பு அகலத்தை வெச்சு ஆள் பிடிச்சப்போ தர்மம் லீவுலயா இருந்துச்சு?" என்றான் கொசு.

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு ரகசியம் வித்தார்னு சொல்லி அந்தத் தேர்வாளரை நாளைக்கு ஊர் முன்னாடி அசிங்கப்படுத்தப்போறாங்க. அதுக்கப்புறம் அவரை ஒரு பள்ளிக்கூட மைதானத்துலகூட நிக்க விடமாட்டாங்க. அவர் விக்கலைன்னு உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் நிச்சயமாத் தெரியும். ஒண்ணு அவர். இன்னொண்ணு நீங்க."

புலி கண்ணைத் துடைத்தது. வெங்காயம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

"போடுங்க" என்றாள் மனைவி. "மூணு வருஷம் புலியா இருந்தாச்சு. ஒரு நாள் மனுஷனா இருங்க."

மறுநாள் காலை. தேர்வு அறையின் வெளியே தாழ்வாரம் நெடுக நிருபர்கள். உள்ளே தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. முதல் நான்கு கிளப்புகளும் ஆள் எடுத்து முடித்திருந்தன. நீள மேஜையின் தலைமாட்டில் சேர்மன். இரண்டு பக்கமும் தேர்வுக் குழு உறுப்பினர்கள், தலையாட்டத் தயாராக. தேர்வாளர் மட்டும் சுவரோரம் நின்றார். தண்டனைக்கு முன் கடைசியாக ஒருமுறை வேடிக்கை பார்க்க அனுமதிக்கப்பட்டவர் போல.

"ஏணி வேண்டாம்" என்றார் சேர்மன்.

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

"ராத்திரி பூரா யோசிச்சேன். என் உள்ளுணர்வு ஒரே ஒரு பேரைத்தான் சொல்லுது. தூண்!"

உறுப்பினர்கள் இன்னும் வேகமாக ஆட்டினார்கள்.

"ஆறடி ஒன்பது. மின்னல் வேகம். மலை மாதிரி உறுதி. ரெண்டு வருஷமா அவனைக் கவனிச்சுட்டு வரேன்."

"கை எப்படி சார்?" என்று கேட்டாள் மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணி.

"ரெண்டு கையும் தங்கம்."

"நானும் பார்த்திருக்கேன். பணிவான பையன்" என்றார் ஓர் உறுப்பினர்.

"அவங்க அப்பா எனக்கு ரொம்ப வேண்டியவர்" என்றார் இன்னொருவர்.

தேர்வாளரால் பொறுக்க முடியவில்லை. "சார், தூண்னு ஒரு பையன் இந்தப் பலகையிலயே இல்லை. நான் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை."

"நடிக்காதே!" சேர்மன் மேஜையைத் தட்டினார். "இதையும் வித்துட்டே! இன்னிக்குப் பேப்பர்ல வந்துடுச்சு, தூண்னு கொட்டை எழுத்துல!"

அறையில் அண்ணியின் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது. "பேப்பரைத் தொடமாட்டேன்னீங்களே சார்?"

"தொடலையே! டிரைவர் படிப்பான். சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் சத்தமாப் படிக்கிறது அவன் பழக்கம். அதுக்காக என் காதைக் கழட்டி டிக்கியில வைக்க முடியுமா?"

"முடியாதுதான். ஞாயித்துக்கிழமைப் பத்தியை எப்பப் படிச்சார்?"

"திங்கட்கிழமை, ஆபீஸ் வரும்போது. ஏன்?"

"திங்கட்கிழமைதான் ஏணி உங்க பேனாவுல மூணு அங்குலம் வளர்ந்தான். அந்த ஆறடி எட்டு, பையனோட அம்மா ஷூவையும் தேன்கூட்டு முடியையும் சேர்த்துப் புலிக்குப் போன்ல சொன்னது. வேற எங்கேயும் கிடையாது. உங்க அறையிலேர்ந்து பேப்பருக்கு எதுவும் போகலை சார். பேப்பர்லேர்ந்துதான் உங்க அறைக்கு வருது. அதுவும் உங்க வண்டியிலேயே, உங்க பக்கத்துலேயே உட்கார்ந்து."

"அபாண்டம்! என் மனசுல தோணினதைத்தான் நான்…"

"உங்க மனசுல தோணறதுக்கு முன்னாடி உங்க டிரைவர் வாயில தோணுது. பனை, மதில், கொக்கு எல்லாம் அப்படி வந்தவங்கதான். அதனாலதான் மத்த கிளப்காரங்க யாரும் குறுக்கே வரலை. வேணும்னு நினைச்சாத்தானே தட்டிப் பறிப்பாங்க?"

சேர்மன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அப்ப தூண்? அவனைப் பத்திப் புலிக்கு யார் சொன்னது?"

"நான்தான். தூண் நேத்து சாயங்காலம் புலி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில பிறந்தான். பெத்தது நான், பேர் வெச்சது என் கொழுந்தன். அப்படி ஒரு பையன் எந்த ஊர்லயும் கிடையாது. நீங்க ரெண்டு வருஷமாக் கவனிச்சது யாரைன்னு எனக்குத் தெரியலை."

"பிறந்து ஒரு ராத்திரிதான் ஆகுது. அதுக்குள்ள ஆறடி ஒன்பது" என்றான் கொசு. "தாய்ப்பால் விசேஷம்."

ஆடிக்கொண்டிருந்த தலைகள் நின்றன.

"நான் பார்த்தது வேற தூணா இருக்கும்" என்றார் பணிவைக் கண்டவர், மிகப் பணிவாக. அப்பாவைத் தெரிந்தவர் தன் கைக்கடிகாரத்தை ஆராயத் தொடங்கினார்.

கதவு தட்டப்பட்டது. போட்டி அமைப்பாளர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "உங்க முறை வந்தாச்சு. பேர் வேணும். கேமரா காத்துட்டிருக்கு."

சேர்மன் சிவப்புப் பேனாவைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். உறுப்பினர்களைப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தார். கடைசியில் சேர்மனின் கண்கள் சுவரோரத்தில் வந்து நின்றன.

"நீ…" என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமினார். "நீங்க யாரைச் சொல்றீங்க?"

தேர்வாளர் அவசரப்படவில்லை. பலகையின் அடிவரிசைக்குக் குனிந்து ஓர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். புகைப்படத்தில் காது பெரிதான ஒரு பையன், யார் மீதோ கோபம்போலக் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தான்.

"இவன் ஆறடிகூட இல்லையே!" என்றார் சேர்மன்.

"இல்லை. ஆனா பந்து உள்ளே போகுது. உயரமானவங்க நம்மகிட்ட ஏற்கெனவே மூணு பேர் இருக்காங்க. அவங்ககிட்ட பந்தைக் கொண்டு போறதுக்குத்தான் ஆள் இல்லை."

"வெளியே நிருபர்கள்கிட்ட…" சேர்மன் இழுத்தார். "உங்களைப் பத்தி ஒரு அறிவிப்பு இருக்குன்னு சொல்லிட்டேனே."

"நல்லதாப் போச்சு. என் அறிவிப்பை நானே சொல்லிக்கிறேன்" என்றார் தேர்வாளர். அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். நேற்று கூன் விழுந்து உட்கார்ந்திருந்தவர் இப்போது அறையிலேயே உயரமானவராகத் தெரிந்தார்.

சேர்மனுக்கு மனம் கேட்கவில்லை. "ஒரு நிமிஷம். இவனைப் பத்திப் பேப்பர்ல ஒரு வரிகூட வந்ததில்லையே?"

கதவின் பிடியில் கை வைத்தபடி தேர்வாளர் திரும்பினார்.

"அதனாலதான் சார், அஞ்சாவது முறையிலயும் இவன் நமக்கு மிச்சம் இருக்கான்."